திரும்பிப் போனவளைப் பற்றி என்ன போட்டிருக்கிறது?

1

போன மாதம் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இங்கிலாந்தின் வடக்கே, ஆட்டுக்கும் மழைக்கும் பேர்போன சின்ன ஊர் இது. எங்கள் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு பரிசு தருவதென்று முடிவெடுத்தார்களாம். முன்பொரு தடவை அவர்களுக்கு இப்படி அன்பு பொங்கியபோது மலையாள வேதாகமம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிறந்த இடம் கேரளா என்று எந்தப் படிவத்தில் எழுதினாலும், மொழி மலையாளம் என்று இங்கே தானாக வந்து விழுந்துவிடும். நான் தமிழ் என்று திருத்தினால், கவுன்ட்டரில் இருக்கும் பெண் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கே என் ஊரை விளக்குவாள்.

ஆஸ்பத்திரியில் கோட்டயத்துக்காரர் யாராவது வந்து படுத்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேவிகுளம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கற்ற மலையாளம் என்னுடையது. அபேட்சை என்கிற விண்ணப்பம், சர்டிபிகேட், "நாளெ வரூ" ஆகிய மூன்றில் எனக்கு நல்ல தேர்ச்சி. மீதியை நோயாளியே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

அதனால் இந்தத் தடவை எங்கள் போதகரம்மா முன்கூட்டியே கேட்டுவிட்டார். வேத வியாக்கியானம், ஒரு முழு வரிசை வேண்டும், நானே உட்கார்ந்து படிக்க, என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே ஒரு விலைப்பட்டியலைக் கொண்டுவந்து தந்தார். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு ஒரு வரிசை, கிரேக்கம் தெரிந்தவர்களுக்கு ஒன்று, காலையில் காப்பியோடு ஒரு பக்கம் படிப்பவர்களுக்கு ஒன்று என்று அதில் இல்லாததே இல்லை. படித்துப் பார்த்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

என் மகள் லீனா சிரித்தாள். "எல்லாம் போன்லயே இருக்கேம்மா. எதுக்கு இவ்ளோ புக்?" காலேஜுக்குப் போன வருஷத்தோடு அவள் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எனக்காக வந்து உட்காருவாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவளுக்கும் அது தெரியும். ஆகவே நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"கடைக்குப் போய் ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எந்த வரிசை என்று சொல்வேன்" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

அதைச் சொல்ல அவளைத் தேவிகுளம் வரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. பக்கத்து நகரத்துக் கடைக்குக் காரில் போகும்போதே சொன்னேன். ஊரில் இருக்கிற உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2

எழுபதுகளின் நடுவில் நாங்கள் தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தோம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அப்பா ஞானமுத்துவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மிஷினில் வேலை. வீட்டுக்குள் நுழைந்தாலே சட்டையிலிருந்து சூடான தேயிலை வாசம் வரும். அந்த வாசத்தை இங்கே எந்த டப்பாவைத் திறந்தும் நான் கண்டதில்லை.

எங்கள் சபைக்கு மூணாற்றிலிருந்து ஐயர், அதாவது போதகர், மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது அப்பா. பிரசங்கத்துக்கு ஒரு பழைய அச்சுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் இருப்பதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பார். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அது அவருக்குப் பயம். வருஷம் திரும்பினால் பிரசங்கமும் திரும்பிவரும். "ஞானமுத்து, இந்த வாரம் வெள்ளமா பஞ்சமா?" என்று சபையார் குழாயடியிலேயே கேட்டுக் கேலி செய்வார்கள். அப்பா சிரித்துக்கொண்டு போனாலும் உள்ளுக்குள் அது உறுத்தியிருக்கிறது. போனஸ் வந்ததும் ஒரு வியாக்கியான வரிசை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

மாதக் கடைசியில் போடியிலிருந்து ஒரு புத்தக ஊழியர் தகரப் பெட்டியோடு பஸ் ஏறி மலைக்கு வருவார். நாகர்கோவில் பக்கத்து மனிதர். மாதிரிக்கென்று ஒன்றிரண்டு புத்தகங்களை வீட்டில் விட்டுப்போவார். அடுத்த தடவை வரும்போது வேண்டுமா வேண்டாமா என்று சொன்னால் போதும்.

"மலையாளத்துல நல்ல வரிசை ஒண்ணு வந்திருக்கு தம்பி. கேரளாவுல இருக்கிய, தோதா இருக்கும்" என்றார் அந்த முறை.

"அண்ணாச்சி, ரேஷன் கார்டுல என்ன எழுதியிருக்குன்னு கேக்கவே மலையாள மாஸ்டர் வீட்டுக்கு ஓடுதேன். வேதத்துக்கும் அவரு வீட்டுக்கு ஓடச் சொல்லுதியளா?"

தமிழில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று, அந்தக் காலத்தில் வெள்ளைக்கார மிஷனெரி எழுதியதன் மொழிபெயர்ப்பு. கறுப்புத் துணி அட்டை, தங்க எழுத்து, தலையணைக் கனம். மற்றது மெட்ராஸிலிருந்து வருகிற, காகித அட்டை போட்ட மெல்லிய புத்தகங்கள். அப்பா கறுப்பைப் பார்த்ததும் விழுந்துவிட்டார். அதன் மாதிரிப் புத்தகத்தைத் துவைத்த துண்டில் சுற்றிப் பலகையில் வைத்தார். எங்கள் வீட்டில் என் தம்பி பிறந்தபோதுகூட அவ்வளவு பதனமாக எதையும் சுற்றவில்லை என்று அம்மா சொன்னாள்.

3

என் அம்மா மலைக்காரி இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே கோவிந்தாபுரத்தில் நிலபுலன் உள்ள கவுண்டர் வீட்டுப் பெண். பெயர் பொன்னாத்தாள். அப்பா இளவயதில் அங்கே ஒரு அரிசி மில்லில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தார். நெல் அரைக்க வண்டி வந்த வீட்டில் பெண்ணும் இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட காதல் கதை. இருவரும் மலையேறிவிட்டார்கள். அம்மா ஞானஸ்நானம் பெற்று கிருபையம்மாள் ஆனாள். கோவிந்தாபுரத்தில் அவள் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

பெயர் மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. லயமே தெற்கத்திப் பேச்சு பேசும்போது அவள் மட்டும் "ஏனுங்க", "வாங்கொ", "ஊட்டுக்குப் போலாமுங்க" என்பாள். கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய ஞானஸ்நானத்தன்று ஐயர் பிரசங்கித்தது, பஞ்சம் பிழைக்க வேற்றூர் போன ஒரு குடும்பத்தின் கதை. போன இடத்தில் ஆண்கள் எல்லோரும் செத்துப்போகிறார்கள். மாமியாரும், அந்த ஊர்க்காரிகளான இரண்டு மருமகள்களும் மிச்சம். மாமியார் தன் ஊருக்குக் கிளம்புகிறாள். பாதி வழியில் நின்று, நீங்கள் உங்கள் தாய்வீட்டுக்குப் போங்கள் என்கிறாள். ஒருத்தி அழுது, மாமியாரை முத்தமிட்டுத் திரும்பிப் போகிறாள். இன்னொருத்தி மறுத்துக் கூடவே போகிறாள். வேதத்தில் நாலே அதிகாரம். நீயும் கூட வந்தவளைப் போல இரு என்று ஐயர் அம்மாவை வாழ்த்தினார். கூடப் போனவளின் பெயரை வைத்த பெண்கள் எங்கள் எஸ்டேட்டிலேயே பலர் இருந்தார்கள். திரும்பிப் போனவளின் பெயரை யாரும் எந்தப் பிள்ளைக்கும் வைத்து நான் பார்த்ததில்லை.

கறுப்புப் புத்தகம் வீட்டுக்கு வந்த வாரத்தில், ஒரு சாரல் விழுந்த மத்தியானம், வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்கண்ணா" என்றாள்.

அம்மாவின் அண்ணன். நான் என் தாய்மாமனை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் அம்மாவிடம் நேராகப் பேசவில்லை, அப்பாவிடம்தான் சொன்னார்.

"அய்யனுக்கு ஒடம்புக்கு முடியலீங்க மாப்ள. படுத்த படுக்கையாயிட்டாரு. புள்ளையக் கூட்டிட்டு வான்னு சொல்லிக்கிட்டே கெடக்கறாரு. அதான் வந்தனுங்க."

அவர்கள் பக்கத்தில் அப்பாவை அய்யன் என்பார்கள். அம்மா அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றே கிளம்பியிருப்பாள். அதற்குள் சபைக் கமிட்டியில் இருந்த செல்லையா கங்காணி விஷயம் கேள்விப்பட்டு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், சபைக்காக உயிரை விடுவார்.

"போகட்டும் ஞானமுத்து, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த வீட்டுல பூசை, விளக்குன்னு எல்லாம் இருக்கும். அதுல போயி நின்னுட்டு வந்தா, ஐயர் திருவிருந்து கொடுக்க யோசிப்பாரு. பாத்துக்கிடும்."

அவர் போனதும் அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, துண்டைப் பிரித்து, அந்தக் கறுப்புப் புத்தகத்தை எடுத்தாள். மாதிரிக்கு வந்த அந்தப் பாகத்தின் கடைசியில்தான் அந்தச் சின்னக் கதைக்கு உரை இருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்பிப் போனவள் உலக சுகத்தையும் தன் ஜனத்தின் விக்கிரகங்களையும் தெரிந்துகொண்டு நாசத்தின் வழியே நடந்தாள் என்ற பொருளில், அச்சிட்ட கனத்த தமிழில், ஒரு பத்தி முழுக்க இருந்தது.

"நாசத்துக்குப் போனான்னு போட்டிருக்குதுங்க" என்றாள் அப்பாவைப் பார்த்து. "நான் போனா நானும் அவதானுங்களா?"

"அது வேற, இது வேற."

"எப்பிடீங்க வேற? அவளும் தாயூட்டுக்குத்தானுங்களே போனா."

அம்மா புத்தகத்தை மூடினாள். பிறகு சொன்னாள். "இன்னொரு வரிசையில என்ன போட்டிருக்குதுன்னு பாத்துப்போட்டுப் போறனுங்க."

காகித அட்டை வரிசையில் அந்தக் கதை உள்ள பாகம் பெட்டியில் இல்லை. அடுத்த நடையில் கொண்டுவருவதாகப் புத்தக ஊழியர் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த மாதக் கடைசி ஆகும்.

மாமன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "புஸ்தகம் வர்ற வரைக்கும் அய்யன் இருப்பாருங்களா மாப்ள?"

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் சபைக்காரர்களுக்கு அப்படித் தெரியாது. அச்சில் வந்ததுதான் எங்களுக்கு வார்த்தை. ஐயர் மாதம் ஒரு தடவை வருகிற மலையில், மற்ற நாளெல்லாம் எங்களுக்குப் புத்தகம்தான் ஐயர். அப்பாவே அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்.

அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்ப நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கெழமையில சபைக்குச் சொல்றீங்களே, எனக்கு ஒரு நாளைக்குச் சொல்லுங்க. அவ போனது தப்புங்களா?"

4

அப்பா வியாக்கியானத்தைத் தொடவில்லை. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். உதடு அசைய அந்த நாலு அதிகாரத்தையும் படித்தார். பிறகு முதல் அதிகாரத்தை மறுபடி படித்தார். மாமன் வாசல் தூணில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி விஷயத்தில் தன் தங்கையின் வழக்கு இன்னொரு சாமியின் கோர்ட்டில் நடப்பதை அவர் என்னவென்று நினைத்தாரோ தெரியாது.

அப்பாவுக்கு வியர்த்திருந்தது. தேவிகுளத்துச் சாரலில் வியர்த்தது.

"பொன்னு, இங்க வா" என்றார். சபைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "அந்த மாமியா ரெண்டு பேரையுந்தான் போன்னு சொல்லுதா. ரெண்டு பேரையுந்தான் வாழ்த்துதா. ஒருத்தி சொல்பேச்சு கேட்டுப் போயிட்டா, ஒருத்தி கேக்காம கூட வந்துட்டா. கேட்டவள வேதம் ஒரு வார்த்த வையல. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். வேதம் வையாதவள நாம எதுக்கு வையணும்? காலைல மொத பஸ்ஸுக்குப் போயிரு."

"நெசமாலுமுங்களா?"

"தப்பா இருந்தா கணக்கு என்கிட்ட கேக்கட்டும்."

தன் வாழ்நாளில் அப்பா புத்தகத்தைப் பார்க்காமல் சொன்ன முதல் பிரசங்கம் அதுதான். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கவுண்டர்.

மறுநாள் அம்மா, மாமன், நான் மூவரும் கிளம்பினோம். தம்பியை அப்பா வைத்துக்கொண்டார். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏற வேண்டும். மறையூர் வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, அதற்கப்புறம் கோவிந்தாபுரம். இரண்டு இடத்தில் செக்போஸ்ட். பொள்ளாச்சியில் இறங்கியதும் கடைக்காரர், கண்டக்டர், பூ விற்கிறவள் எல்லோரும் அம்மாவைப் போலவே பேசினார்கள். அதுவரை அந்தப் பேச்சு அம்மா ஒருத்தியுடைய பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோவிந்தாபுரத்தில் பனைமரமும், நிலக்கடலைக் காடும், முகத்தில் அறைகிற காற்றும். வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் கட்டில் போட்டு அய்யனைப் படுக்கவைத்திருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஒரு பெண் சாமி அறையிலிருந்து திருநீற்றுத் தட்டோடு வந்து அம்மாவுக்கு நேராக நீட்டினாள். "பூசிக்கிட்டு அப்பறம் கிட்டப் போ" என்றாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்தால் கங்காணி, எடுக்காவிட்டால் இந்த வீடு.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அதை எடுத்துக்கிட்டு அந்தப்பக்கம் போங்கொ. புள்ள சாமி கும்பிட வரல. என்னப் பாக்க வந்திருக்கறா."

பிறகு அம்மாவைப் பார்த்து, "சோறுண்டயா அம்மிணி?" என்றார். வருஷக்கணக்காகப் பேசாத அப்பா மகளிடம் கேட்டது அது ஒன்றுதான். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அவர் கையை அவள் தலையில் வைத்துக்கொண்டே கிடந்தார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் கஞ்சி ஊட்டியது அம்மாதான். வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்றார். வாரக் கடைசியில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, போய்விட்டார்.

5

கடையில் அந்தப் பக்கத்தை எடுத்துத் தந்தது லீனாதான். எனக்கு அந்த உயரத்து அலமாரி எட்டவில்லை. முதல் வரிசையில் அவளைப் பற்றி நாலு வரி. நாகரிகமான ஆங்கிலத்தில் அதே பழைய திட்டு. இரண்டாவது, காலையில் காப்பியோடு படிப்பது. கூடப் போனவளைப் போல் விசுவாசமாக இருப்போம் என்று ஒரு ஜெபம், முடிந்தது. மூன்றாவது கிரேக்கம், எபிரெயம் எல்லாம் கலந்த பெரிய பாகம். அதில் திரும்பிப் போனவளுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவள் ஏன் போயிருப்பாள், அவளுக்கு அங்கே யார் இருந்திருப்பார்கள், அவளைத் திட்டும் வழக்கம் எப்போது தொடங்கியது என்றெல்லாம்.

லீனா நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிக்கு அடியில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் சுற்றிக்கொண்டு போனார். வேத விஷயம் ஒன்றை அவள் இவ்வளவு நேரம் படித்து நான் பார்த்துப் பல வருஷங்கள் ஆகின்றன. நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

"இதையே வாங்கு" என்றாள் நிமிர்ந்து. "உனக்கு கஷ்டமா இருந்தா நான் வந்து வாசிக்கறேன்." அப்புறம் கேட்டாள், "பாட்டி எதை வாங்கினாங்க கடைசில?"

6

நாங்கள் மலைக்குத் திரும்பி வந்தபோது மாமன் ஒரு மூட்டை நிலக்கடலையும் கொடுத்தனுப்பியிருந்தார். லயமே ஒரு வாரம் கடலை தின்றது. கங்காணி வீட்டுக்கும் ஒரு படி போயிற்று. அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் ஐயர் வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஆராதனைக்கு முன்னால் ஐயர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அங்க போயி என்னம்மா செஞ்சே?"

"எங்கய்யனுக்குக் கஞ்சி ஊத்துனனுங்க."

ஐயர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார். அன்றைக்குத் திருவிருந்தில் அம்மாவும் மற்றவர்களோடு முழங்கால் போட்டாள், மற்றவர்களைப் போலவே அவளுக்கும் அப்பமும் ரசமும் கிடைத்தன.

அதற்கு அடுத்த சில நாட்களில் புத்தக ஊழியர் தகரப் பெட்டியோடு வந்தார். காகித அட்டை வரிசையில் விட்டுப்போன அந்தப் பாகத்தைச் சொன்னபடியே கொண்டுவந்திருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அம்மா அதை வாங்கிக்கொண்டு வாசலுக்கு, வெளிச்சத்துக்குப் போனாள். அப்பா போய் அவள் பின்னால் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன்.

அந்தக் கதைக்கு அதில் மூன்றே பக்கம். பஞ்சத்தைப் பற்றி ஒரு பத்தி. பார்லி அறுவடை அந்த நாட்டில் எந்த மாதம் வரும், சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளும் வழக்கம் எப்படி என்று மீதி. அம்மா முன்னும் பின்னும் புரட்டினாள். விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"இதுல அவளப் பத்தி ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

அப்பா புத்தகத்தை வாங்கித் தானும் தேடினார். இல்லை. "இதுக்கா காத்துக் கெடக்கப் பாத்தோம்?" என்றார்.

அம்மா முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்து, நிலைப்படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அது அழுகையாகிவிட்டது. புத்தக ஊழியர் என்னவோ ஏதோ என்று பெட்டியை மூடுவதா திறப்பதா தெரியாமல் நின்றார். பலகையில் கறுப்புப் புத்தகம் தங்க எழுத்தோடு காத்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "நீயே சொல்லு. எது?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லிய புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"இதையே எடுத்துக்குங்க. தெரியாததச் சொல்லாம உட்டிருக்கறாங்க பாருங்க."